யாரோடு ஒப்பிட்டுச் சொல்கிறீர்கள்?

"பெரியாஸ்பத்திரிக்குப் போனவங்க எத்தனை பேரு புள்ள உசிரோட திரும்பி வந்தாங்க?"

இப்படிக் கேட்டவர் என் தோழியின் பாட்டி. தோழியும் நானும் பதுளை நகரில் ஒரே இரசாயனவியல் டியூஷன் வகுப்புக்குப் போகிறோம். அவளுடைய வீடு பசறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருக்கிறது. சென்ற வருட மழைக் காலத்தில் பாட்டிக்குக் காய்ச்சலோடு மூச்சு வாங்கலும் வந்தது. மூன்று நாள் தோட்டத்து டிஸ்பென்சரி மருந்து குடித்தார். நான்காம் நாள், "இனி இங்கே வைத்திருக்கக் கூடாது, பதுளைக்குக் கொண்டு போங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். பாட்டி கட்டிலை விட்டு இறங்க மறுத்தார். தங்கள் லயத்திலிருந்து பெரியாஸ்பத்திரிக்குப் போனவர்களை விரல் விட்டு எண்ணினார். ஐந்து பேர். அவர்களில் நான்கு பேர் பெட்டியில்தான் திரும்பி வந்தார்களாம். "டிஸ்பென்சரி மருந்து குடிச்சவங்க எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க" என்பது அவருடைய வாதம்.

தோழி இதை வகுப்பில் சொன்னபோது நாங்கள் சிரித்தோம். படிக்காத கிழவியின் பயம் என்று நினைத்தோம். அதற்காக இப்போது வெட்கப்படுகிறேன். ஏனென்றால் பாட்டி பொய் சொல்லவில்லை. கண்ணால் கண்டதை எண்ணிச் சொன்னார். எண்ணியதும் சரி. எண்ணிக்கையிலிருந்து எடுத்த முடிவுதான் பிழை. அதே பிழையை மெத்தப் படித்தவர்களும் செய்திருக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் நடந்திருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பாட்டியின் கணக்கில் எங்கே கோளாறு என்று பார்ப்போம். விளங்குவதற்காக ஒரு கற்பனைக் கணக்குப் போடுகிறேன். ஒரு தோட்டத்தில் டிஸ்பென்சரி மருந்தோடு மட்டும் நின்றவர்கள் 100 பேர். பெரியாஸ்பத்திரிக்குப் போனவர்கள் 100 பேர். முதல் கூட்டத்தில் 5 பேர் இறந்தார்கள், இரண்டாம் கூட்டத்தில் 18 பேர் இறந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். மேலோட்டமாகப் பார்த்தால் ஆஸ்பத்திரி மூன்று மடங்குக்கு மேல் ஆபத்தானது என்றுதான் எவரும் சொல்வார்கள்.

இப்போது ஒரு விபரத்தைச் சேர்ப்போம். டிஸ்பென்சரியோடு நின்ற 100 பேரில் 90 பேருக்குச் சாதாரண நோய், 10 பேருக்குத்தான் கடும் நோய். ஆஸ்பத்திரிக்குப் போன 100 பேரில் 10 பேருக்குச் சாதாரண நோய், 90 பேருக்குக் கடும் நோய். சாதாரண நோயாளிகளில் இரு பக்கமும் யாரும் இறக்கவில்லை. அப்படியானால் இறந்தவர்கள் எல்லோரும் கடும் நோயாளிகளே. டிஸ்பென்சரிப் பக்கம் கடும் நோயாளிகள் 10 பேரில் 5 பேர் இறந்திருக்கிறார்கள், அதாவது 50 வீதம். ஆஸ்பத்திரியில் 90 பேரில் 18 பேர், அதாவது 20 வீதம். கடும் நோயோடு ஆஸ்பத்திரிக்குப் போகாதவர்களில் பாதிப் பேர் போய்விட்டார்கள். போனவர்களில் ஐந்தில் நான்கு பேர் பிழைத்துக்கொண்டார்கள்!

ஒரே எண்ணிக்கை, இரண்டு நேரெதிர் முடிவுகள். நோய் முற்றியவர்களைத்தான் பதுளைக்கு அனுப்புகிறார்கள் என்பதைப் பாட்டி கணக்கில் எடுக்கவில்லை, அவ்வளவுதான். மருத்துவ ஆராய்ச்சியில் மிகப் பழைய சிக்கல்களில் ஒன்று இது. யாருக்கு எந்தச் சிகிச்சை கிடைக்கிறது என்பதைத் தீர்மானிக்கும் அதே காரணம், அவர்கள் பிழைப்பார்களா என்பதையும் தீர்மானித்துவிடுகிறது. அதனால் சிகிச்சையின் விளைவும் நோயின் விளைவும் பாலும் தண்ணீருமாய்க் கலந்துவிடுகின்றன.

இனி எங்கள் வீட்டுக் கதை. தம்பிக்கு டெங்கு வந்தபோது பக்கத்து வீட்டு மாமி பப்பாசி இலைச் சாறு கொண்டுவந்து கொடுத்தார். தம்பியின் குருதிச் சிறுதட்டுகளின் எண்ணிக்கை அதற்கு முன் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டிருந்தது. சாறு குடித்து இரண்டாம் நாள் ஏறத் தொடங்கியது. உம்மா சந்தோஷத்தில் ஊரெல்லாம் சொன்னார். நானும் வகுப்பு வட்ஸ்அப் குழுவில் "இது நூறு வீதம் உண்மை, எங்கள் வீட்டிலேயே கண்டோம்" என்று எழுதினேன். பிறகுதான் படித்தேன்: டெங்கு நோயில் சிறுதட்டுகள் சில நாட்கள் இறங்கி, ஆபத்தான கட்டம் கடந்தபின் தாமாகவே ஏறுவது வழமை. நாங்கள் சாறு கொடுத்ததோ ஏறுகிற நேரம் நெருங்கியபோது. சாறு வேலை செய்யாது என்று நான் சொல்ல வரவில்லை. வேலை செய்கிறதா இல்லையா என்பதை எங்கள் வீட்டுக் கதையிலிருந்து சொல்லவே முடியாது என்றுதான் சொல்கிறேன். சாறு குடிக்காத இன்னொரு தம்பி எங்களிடம் இருக்கவில்லையே!

2020 டிசம்பரில் கேகாலையில் நடந்ததை எல்லோரும் மறந்திருக்க மாட்டீர்கள். கொவிட்டுக்கு மருந்து என்று ஒரு பாணியை வாங்க ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றார்கள். அன்றைய சுகாதார அமைச்சரும் அதைப் பகிரங்கமாகக் குடித்தார். அடுத்த மாதமே அவருக்குத் தொற்று உறுதியானது. அப்போது பலர், "பார்த்தீர்களா, பாணி பொய்" என்று கேலி செய்தார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். குடித்த ஒருவர் சுகமானதை வைத்து மருந்து மெய் என்பது எவ்வளவு பிழையோ, குடித்த ஒருவருக்கு நோய் வந்ததை வைத்து மருந்து பொய் என்பதும் அவ்வளவு பிழை. பெரும்பாலானோர் எந்தப் பாணியும் குடிக்காமலேயே கொவிட்டிலிருந்து சுகமானார்கள். குடித்தவர்களையும் குடிக்காதவர்களையும் நியாயமாக ஒப்பிட்டிருக்க வேண்டும். ஒப்பிட்டு முடியும் வரை மக்களை வரிசையில் நிற்க விட்டிருக்கக் கூடாது.

நியாயமான ஒப்பீடு என்றால் என்ன? இந்தக் கேள்வியை வெகு காலத்துக்கு முன்பே கேட்டவர்களில் ஒருவர் எங்கள் அறிஞர் அபூபக்ர் அர்-ராஸி. கி.பி. 925-இல் மறைந்தவர். மூளையுறை அழற்சியின் அறிகுறிகள் உள்ள நோயாளிகளில் ஒரு சாராருக்கு அவர் இரத்தம் குத்தி எடுத்தார். இன்னொரு சாராருக்கு வேண்டுமென்றே எடுக்காமல் விட்டார். ஒப்பிட்டுப் பார்த்து முடிவுக்கு வருவதே தம் நோக்கம் என்றும் எழுதிவைத்தார். ஆயிரம் வருடங்களுக்கு முன் இப்படி ஒருவர் சிந்தித்ததை நினைக்கப் பெருமையாக இருக்கிறது. ஆனால் பெருமையோடு நின்றுவிடக் கூடாது. இரத்தம் எடுப்பதே நல்லது என்ற முடிவுக்குத்தான் அவர் வந்தார். இன்று எந்த வைத்தியரும் அந்த நோய்க்கு அப்படிச் செய்வதில்லை. ஒப்பிட வேண்டும் என்ற எண்ணம் மட்டும் போதாது. ஒப்பிடப்படும் இரு சாராரும் தொடக்கத்தில் ஒரே தன்மையானவர்களாக இருக்கவும் வேண்டும். வைத்தியரே கையால் தெரிவு செய்தால், தெரிந்தோ தெரியாமலோ பிழைக்கக்கூடியவர்கள் ஒரு பக்கம் சேர்ந்துவிடலாம்.

இதற்கு இருபதாம் நூற்றாண்டு கண்ட வழி, தெரிவை மனிதனின் கையிலிருந்து எடுத்து எழுமாற்றிடம் கொடுப்பது. 1948-இல் பிரித்தானியாவில் வெளிவந்த காசநோய் ஆராய்ச்சி இதற்குப் பேர்போன உதாரணம். ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து அப்போது எல்லோருக்கும் போதுமான அளவு கிடைக்கவில்லை. ஒஸ்ரின் பிராட்போர்ட் ஹில் என்ற புள்ளிவிபரவியலாளர் வகுத்த திட்டப்படி, யாருக்கு மருந்து என்பது மூடிய கடித உறைகளில் எழுமாறாக முடிவாகியிருந்தது. மருந்து பெற்ற 55 பேரில் ஆறு மாதங்களுக்குள் 4 பேர் இறந்தார்கள். படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர் இறந்தார்கள். யாரும் தெரிவு செய்யாததால், மருந்தைத் தவிர வேறு பெரிய வேறுபாடு இரு பக்கத்துக்கும் இருக்க வாய்ப்புக் குறைவு. இப்படி எழுமாற்றாகப் பிரித்துச் செய்யும் பரிசோதனையே மிகவும் நம்பத்தகுந்தது என்று எங்கள் உயிரியல் டீச்சரும் சொல்லித் தந்தார்.

ஆனால் எல்லாவற்றையும் அப்படிச் சோதிக்க முடியாதே. பாதிப் பேரைச் சிகரெட் குடிக்கச் சொல்லி, இருபது வருடம் பொறுத்திருந்து பார்க்கலாமா? அதே பிராட்போர்ட் ஹில், ரிச்சர்ட் டோலோடு சேர்ந்து 1951-இல் பிரித்தானிய வைத்தியர்கள் சுமார் 40,000 பேரின் புகைத்தல் பழக்கத்தைப் பதிந்து, பல வருடங்கள் தொடர்ந்து அவதானித்தார். புகைத்தல் நுரையீரல் புற்றுநோயைத் தரும் என்று உலகம் ஏற்றுக்கொள்ள அந்த அவதானிப்பு ஒரு முக்கிய காரணம். பரிசோதனைக்கு வழிகாட்டியவரே, அது முடியாத இடத்தில் அவதானிப்புக்கும் வழிகாட்டினார். ஆகவே "பரிசோதனை செய்யாததெல்லாம் குப்பை" என்று ஒதுக்குபவர்களோடும் என்னால் உடன்பட முடியாது.

நம் நாட்டின் மலேரியாக் கதை இதற்கு நல்ல சாட்சி. 1934-35 காலத்தில் மழை பொய்த்து, ஆறுகள் வற்றிக் குட்டைகளாகி, அவற்றில் நுளம்பு பெருகி, ஏறத்தாழ 80,000 பேரைக் கொள்ளைநோய் கொண்டுபோனது. போர் முடிந்தபின் 1946-இல் வீடுகளின் சுவர்களுக்கு டீ.டீ.டீ. மருந்து அடிக்கும் வேலை பெரிதாகத் தொடங்கியது. 1946-இல் ஆயிரம் பேருக்குச் சுமார் 20 ஆக இருந்த மரண வீதம் 1947-இல் சுமார் 14 ஆக இறங்கியது. ஒரே வருடத்தில்! உலகமே இலங்கையைத் திரும்பிப் பார்த்தது. டீ.டீ.டீ.யின் அற்புதம் என்று எழுதினார்கள்.

"முன்பு இவ்வளவு, மருந்தடித்த பின் இவ்வளவு, ஆகவே மருந்துதான் காரணம்." பப்பாசிச் சாறு கதையும் இதுதானே?

சில ஆராய்ச்சியாளர்கள் நிதானித்தார்கள். நுவரெலியா போன்ற குளிர்ந்த மலைநாட்டில் மலேரியாவே கிடையாது. அங்கேயும் மரண வீதம் அதே காலத்தில் இறங்கியிருந்தது. நுளம்பில்லாத இடத்தில் நுளம்பு மருந்து எப்படி உயிர்களைக் காத்திருக்க முடியும்? ஹரால்ட் பிரெட்ரிக்சன் என்பவர் இதைச் சுட்டிக்காட்டி, உணவும் பொருளாதாரமும் மேம்பட்டதே காரணம் என்றார். எங்கள் நாட்டு அறிஞர் எஸ்.ஏ. மீகம சுகாதார சேவை விரிந்ததையும் கவனிக்கச் சொன்னார். பென்சிலின் வந்ததும், போர்க்காலத் தட்டுப்பாடு தளர்ந்ததும் அந்த ஆண்டுகளில்தான்.

அப்படியானால் டீ.டீ.டீ.க்குப் பங்கே இல்லையா? பீட்டர் நியூமன் என்ற பொருளியலாளர் ஒரு வழி கண்டார். மலேரியா அடிக்கடி வரும் ஊர்ப் பிள்ளைகளுக்கு மண்ணீரல் வீங்கியிருக்கும். எந்த மாவட்டத்தில் எத்தனை வீதமான பிள்ளைகளுக்கு வீக்கம் என்ற கணக்கு முன்பே எடுக்கப்பட்டிருந்தது. மருந்து உண்மையில் வேலை செய்திருந்தால், வீக்கம் அதிகமாக இருந்த மாவட்டங்களில் மரணம் அதிகமாக இறங்கியிருக்க வேண்டும், குறைவாக இருந்த மாவட்டங்களில் குறைவாக இறங்கியிருக்க வேண்டும். பார்த்தால் அப்படித்தான் இருந்தது. எல்லா மாவட்டங்களுக்கும் பொதுவான இறக்கத்தைக் கழித்துவிட்டு, மிச்சத்தை மலேரியா ஒழிப்பின் கணக்கில் எழுதினார். போருக்குப் பிந்திய மரண வீழ்ச்சியில் சுமார் 42 வீதம் என்றார். 1974-இல் ஆர்.எச். கிரே என்பவர் அதே பிரச்சினையை மீண்டும் ஆராய்ந்து சுமார் 23 வீதம் என்றார்.

இரண்டு பேர், இரண்டு விடைகள். இதைக் கேட்டு, "அப்போது இந்தக் கணக்கெல்லாம் வீண்தானே" என்றாள் என் வகுப்புத் தோழி ஒருத்தி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நூறு வீதம் என்றவர்களும் பிழை, பூச்சியம் என்றவர்களும் பிழை என்று இரண்டு விடைகளும் ஒன்றாகச் சொல்கின்றன. மருந்தடித்தல் நிறைய உயிர்களைக் காத்தது, ஆனால் தனியே அல்ல, உணவும் வைத்தியமும் கூடவே நின்றன என்பது ஒரு நாட்டுக்குத் தெரிய வேண்டிய விடயம் இல்லையா? மருந்தடித்தாலே போதும், ஆஸ்பத்திரி தேவையில்லை என்று யாராவது முடிவெடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பாதிக் கிராமங்களுக்கு மட்டும் மருந்தடித்து மிச்சக் கிராமங்களைச் சாக விட்டுப் பரிசோதிக்க யாராலும் முடியாது. அந்த இடத்தில் அவதானிப்பைத் தவிர வேறு வழியில்லை.

ஊவாவைச் சேர்ந்தவள் என்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். அந்தக் காலத்தில் மொனராகலை தனி மாவட்டமாக இருக்கவில்லை. பதுளை மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது. ஒரு பக்கம் குளிரில் நடுங்கும் அப்புத்தளைத் தோட்டங்கள், மறு பக்கம் மலேரியா மலிந்த வெல்லஸ்ஸக் காட்டுக் கிராமங்கள். இரண்டையும் கூட்டி "பதுளை மாவட்டம்" என்று ஒரே இலக்கம் எழுதினால், அந்த இலக்கம் அப்புத்தளைக்கும் பொருந்தாது, பிபிலைக்கும் பொருந்தாது. சராசரி என்பது யாருக்கும் அளவில்லாத சட்டை. மாவட்டக் கணக்கு என்று எங்கே கண்டாலும் அதற்குள் எத்தனை ஊர்கள் ஒளிந்திருக்கின்றன என்று கேட்கப் பழக வேண்டும்.

மலேரியாக் கதையின் மிச்சமும் பாடம்தான். 1963-இல் நாடு முழுவதும் வெறும் 17 பேருக்குத்தான் நோய் காணப்பட்டது. நோய் போய்விட்டது என்று கவனம் தளர்ந்தது. 1969-இல் ஐந்து இலட்சத்துக்கும் அதிகமானோருக்கு நோய் திரும்பி வந்தது. பல பத்தாண்டுகள் ஒவ்வொரு நோயாளியையும் தேடிப் பதிந்து போராடியபின், 2012 ஒக்டோபரோடு உள்நாட்டில் தொற்றும் மலேரியா நின்றது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று சான்றளித்தது. எண்ணுவதை நிறுத்தியபோது தோற்றோம். விடாமல் எண்ணியபோது வென்றோம்.

அவதானிப்பை நம்பி ஏமாந்த கதையும் உண்டு. அதை மறைத்தால் நான் நேர்மையாக எழுதியவளாக மாட்டேன். அமெரிக்காவில் 1976-இல் 121,700 தாதியரைச் சேர்த்து ஓர் ஆராய்ச்சி தொடங்கியது. மாதவிடாய் நின்றபின் ஹோமோன் மாத்திரை எடுத்த பெண்களுக்கு இதய நோய் குறைவு என்று அதில் தெரிந்தது. வைத்தியர்கள் இலட்சக்கணக்கான பெண்களுக்கு அதை எழுதிக் கொடுத்தார்கள். பிறகு 16,608 பெண்களை எழுமாற்றாகப் பிரித்து ஒரு பரிசோதனை நடந்தது. மாத்திரை எடுத்தவர்களிடையே மாரடைப்பும் பக்கவாதமும் மார்புப் புற்றுநோயும் கூடுவதைக் கண்டு 2002-இல் அதைப் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

ஏன் இந்த முரண்பாடு? தானாக மாத்திரை தேடிப்போன பெண்கள் பொதுவாக வசதியும் கல்வியும் உடல் நலனில் அக்கறையும் உள்ளவர்கள் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணமும் இருந்தது. 2008-இல் மிகேல் ஹெர்னானும் அவருடைய குழுவினரும் அதே தாதியர் தரவுகளை மறுபடி எடுத்தார்கள். "இதை ஒரு பரிசோதனையாகச் செய்திருந்தால் எப்படிச் செய்திருப்போம்?" என்று கேட்டு, மாத்திரை தொடங்கிய நாளிலிருந்து ஒவ்வொருவரையும் எண்ணினார்கள். முன்பு, மாத்திரையை ஏற்கெனவே எடுத்துக்கொண்டு நலமாக இருந்தவர்களும் கணக்கில் கலந்திருந்தார்கள். தொடக்கத்திலேயே பாதிக்கப்பட்டவர்கள் விடுபட்டிருந்தார்கள். ஒழுங்காக எண்ணியபோது முரண்பாட்டின் பெரும்பகுதி மறைந்தது. ஆக, ஏமாற்றியது தரவு அல்ல. கேள்வியைச் சரியாகக் கேட்காததுதான்.

இதெல்லாம் தூரத்துக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் பதுளை மாவட்டத்தின் கிராந்துருக்கோட்டைப் பகுதியில், காரணம் சரியாகத் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் எத்தனையோ விவசாயக் குடும்பங்களைச் சாய்த்துவிட்டது. கிணற்று நீர், வன்மையான நீர், பூச்சிகொல்லி, வெப்பம் என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. 2015-இல் கிளைபோசேட் களைகொல்லி தடை செய்யப்பட்டது. 2018-இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை நீக்கப்பட்டது. இப்போது பல ஊர்களில் நீரைச் சுத்திகரிக்கும் இயந்திரங்கள் வைத்திருக்கிறார்கள். அந்த நீர் உயிர் காக்கிறதா என்று எப்படி அறிவது?

சுத்திகரித்த நீர் குடிப்பவர்களையும் கிணற்று நீர் குடிப்பவர்களையும் சும்மா எண்ணினால், சுத்திகரித்த நீர் குடிப்பவர்களிடமே நோய் அதிகம் என்றுகூட விடை வரலாம். ஏனென்றால் நோய் என்று தெரிந்த பிறகுதானே பலர் காசு கொடுத்து அந்த நீரை வாங்கத் தொடங்குகிறார்கள்! பாட்டியின் ஆஸ்பத்திரிக் கணக்கு மறுபடியும் வந்துவிட்டது. நோய் இல்லாதவர்களாகவே இரு சாராரையும் தெரிந்தெடுத்து, எந்த நாளில் நீரை மாற்றினார்கள் என்று பதிந்து, வயது, தொழில், வருமானம் ஒத்தவர்களை ஒத்தவர்களோடு ஒப்பிட்டு, சில வருடங்கள் தொடர வேண்டும். சிரமம்தான். ஆனால் அந்தச் சிரமத்தைத் தவிர்த்து எடுக்கும் முடிவின் விலையைக் கொடுப்பது ஆராய்ச்சியாளர் அல்ல, வயலில் நிற்கும் மனிதர்.

என் கருத்து இதுதான். "கண்ணால் கண்டேன்" என்பது சாட்சியின் தொடக்கம், முடிவல்ல. அதே நேரம், பரிசோதனை நடக்கவில்லை என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளவும் கூடாது. ஒழுங்காகப் பதிந்து, ஒத்தவரோடு ஒத்தவரை ஒப்பிட்டு, எவ்வளவு நிச்சயம் என்பதையும் மறைக்காமல் சொன்னால், அவதானிப்பும் உயிர் காக்கும்.

தோழிகளே, உங்கள் கைபேசிக்கு ஒரு மருந்துச் செய்தி வந்தால் அனுப்புவதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். யாரோடு ஒப்பிட்டுச் சொல்கிறார்கள்? அந்த இரு சாராரும் தொடக்கத்தில் ஒரே நிலையில் இருந்தார்களா? அதே காலத்தில் வேறு என்ன மாறியது? விடை இல்லையென்றால் அனுப்பாமல் விடுவதே நல்லது. நான் வட்ஸ்அப் குழுவில் எழுதிய அந்த "நூறு வீதம் உண்மை"யை இப்போது அழிக்கவும் முடியாது. எத்தனை பேர் அதை நம்பினார்களோ தெரியாது.

பெற்றோரே, உங்களிடமும் இரண்டு வேண்டுகோள்கள். பக்கத்து வீட்டில் ஒருவர் கசாயத்தால் சுகமானார் என்று கேட்டதும் சீனி நோய் மாத்திரையையும் பிரெஷர் மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கசாயம் குடித்துச் சுகமானவர் வந்து சொல்வார். சுகமாகாதவர் வந்து சொல்ல மாட்டார். ஆகவே நம் காதுக்கு ஒரு பக்கம் மட்டுமே வருகிறது. ஷிபாவைத் தருபவன் அல்லாஹ்தான். ஆனால் காரணத்தைத் தேடும் அறிவையும் அவனே தந்திருக்கிறான்.

அடுத்தது, உங்கள் கிளினிக் கொப்பியையும் பிள்ளைகளின் நிறைப் பதிவையும் பத்திரமாக வையுங்கள். குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து கேட்கும்போது உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். நம் நாட்டில் 1867 முதல் பிறப்பும் இறப்பும் சட்டப்படி பதியப்பட்டு வந்ததால்தான் நியூமனாலும் கிரேயாலும் மலேரியாவைப் பற்றி ஒரு கணக்காவது போட முடிந்தது. தரவு என்பது வெள்ளை அங்கி அணிந்தவர்கள் ஆய்வுகூடத்தில் செய்வது என்றுதான் நான் நினைத்திருந்தேன். உண்மையில் அது லயத்து வாசலில் ஒரு தாய் சொல்லும் பதிலில் தொடங்குகிறது.

கடைசியாக, பாட்டிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். தோழியின் அம்மாவும் மாமாவும் அவரைத் தூக்காத குறையாக முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பதினொரு நாள் வார்ட்டில் இருந்துவிட்டு வீடு திரும்பினார். இதை வைத்து "ஆஸ்பத்திரி நல்லது என்று நிரூபணமாகிவிட்டது" என்று நான் எழுதினால் இவ்வளவு நேரம் எழுதியதெல்லாம் வீணாகும். ஒரு பாட்டி ஒரு பாட்டிதான்.

ஆனால் சென்ற மாதம் அதே லயத்தில் ஒரு தாத்தா பதுளைக்குப் போக மறுத்தபோது பாட்டி அவரிடம் ஒன்று கேட்டாராம். "போனவங்கள்ல செத்தவங்கள எண்ணுறியே, போகாம செத்தவங்கள எண்ணிப் பாத்தியா?"

தோழி இதைச் சொன்னபோது வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. அர்-ராஸி கேட்ட கேள்வியும் ஹில் கேட்ட கேள்வியும் இதுதானே என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மாணவி,
க.பொ.த. உயர்தரம், உயிரியல் பிரிவு